மேட்ச் கேசட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

டி.வி நிறுவனங்கள் அழித்த ஆட்டங்கள் ரசிகர்களின் பரணில் பிழைத்துக் கிடக்கின்றன. அவற்றைப் பகிர்ந்தால் குற்றமா? பகிராமல் வைத்திருந்தால் என்ன ஆகும்?

1998 ஏப்ரல் 22, இரவு. ஷார்ஜாவில் ஆஸ்திரேலியாவின் 284 ரன்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது இந்தியா. களத்தில் டெண்டுல்கர். திடீரென்று டி.வி திரை பழுப்பாகிறது. மணற்புயல்! ஆட்டக்காரர்கள் முகத்தை மூடிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கிறார்கள்.

நாடே ‘மேட்ச் நடக்குமா?’ என்று தவித்த அந்த நேரத்தில், வீடியோ டெக் வைத்திருந்த வீடுகளில் தவிப்பு இரண்டு மடங்கு. உள்ளே ஓடிக்கொண்டிருப்பது 180 நிமிடக் கேசட். ஐம்பது ஓவர் இன்னிங்ஸுக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே விளம்பரம் வந்ததும் ‘பாஸ்’ பொத்தானை அமுக்கி, பவுலர் ஓடிவரத் தொடங்கியதும் விட்டு, நிமிடம் நிமிடமாக டேப்பை மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறார் வீட்டு அண்ணன். இப்போது மணல் வீசுகிறது. நிறுத்தினால், ஆட்டம் சட்டென்று தொடங்கி இரண்டு பந்து போய்விடலாம். ஓடவிட்டால், கடைசி பத்து ஓவருக்கு டேப் இருக்காது. ‘பாஸ்’ போட்டபடி காத்திருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நாலைந்து நிமிடத்துக்கு மேல் போனால், டேப் தேய்ந்துவிடும் என்று டெக் தானாகவே நின்றுவிடும்.

புயல் ஓய்ந்தது. டெண்டுல்கர் 143 அடித்தார். ஆட்டத்தில் தோற்றாலும் இந்தியா இறுதிக்குப் போனது. டேப்பைச் சேமித்தவர்களுக்கு அந்தக் கடைசி சிக்ஸர்கள் கிடைத்தன. ஓடவிட்டவர்களுக்குக் கிடைத்தது புயல். அன்றைக்கு அவர்களை வீட்டில் திட்டியிருப்பார்கள். ஆனால் எந்த ஹைலைட்ஸும் அந்தப் புயலை முழுசாகக் காட்டுவதில்லை. அது முழுதாக எங்காவது இருக்கிறதென்றால், இப்படிப்பட்ட ஓர் ‘ஏமாளி’யின் கேசட்டில் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

டி.வியில் வரும் ஆட்டத்தை வீட்டில் பதிந்து வைக்கும் பழக்கத்தைக் கிறுக்குத்தனம் என்றுதான் ஒரு தலைமுறை நினைத்தது. ‘ஜெயிச்சாச்சு, பேப்பர்லயும் வந்தாச்சு, இன்னும் என்ன பார்க்குறே?’ என்று கேட்காத அம்மா கிடையாது. விளையாட்டின் நினைவைக் காப்பாற்றியவர்களில் இந்தக் கிறுக்கர்களுக்குப் பெரிய பங்குண்டு என்பது இப்போதுதான் உறைக்கிறது. காரணம் எளிமையானது. காப்பாற்ற வேண்டியவர்கள் காப்பாற்றவில்லை.

கேமரா பார்க்காத 175

இந்திய ரசிகருக்கு இந்த இழப்பின் வலி தெரியும். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட். அதிலிருந்து கபில்தேவ் 138 பந்தில் ஆட்டமிழக்காமல் அடித்த 175 ரன். அந்த இன்னிங்ஸின் ஒரு பந்துகூட வீடியோவில் இல்லை. பிபிசி ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அன்று நடந்த மற்ற ஆட்டங்களுக்குத்தான் கேமராக்கள் போயின என்று சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும், ‘83’ படத்தில் ரன்வீர் சிங் அடித்ததைப் பார்த்துத்தான் நாம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கபிலின் ஆட்டம் பதிவாகவே இல்லை. அதைவிடக் கொடுமை, பதிவாகிப் பிறகு அழிக்கப்பட்டவை.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் முதல் வீடியோ டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தபோது, இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு மணி நேர டேப்பின் விலை சுமார் 300 டாலர். அந்தக் காசுக்கு அதை ஒரே ஒருமுறை பயன்படுத்த எந்தக் கணக்குப்பிள்ளை சம்மதிப்பார்? ஒரு நிகழ்ச்சி, அதை அழித்து அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. உலகமெங்கும் டி.வி நிலையங்களின் அன்றாட நடைமுறையே இதுதான். விளையாட்டு இதில் முதல் பலி. நாடகத்தை மறுபடி போடலாம், சினிமாவை மறுபடி போடலாம். ஸ்கோர் தெரிந்த மேட்சை யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு மேட்ச், இரண்டு சேனல், பூஜ்ஜியம் பிரதி

இந்தக் கணக்குக்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரியது. 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் நடந்தது முதல் சூப்பர் பவுல். கிரீன் பே பேக்கர்ஸ் 35, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 10. சிபிஎஸ், என்பிசி என இரண்டு பெரிய சேனல்கள் ஒரே நேரத்தில் ஒளிபரப்பின. இரண்டிடமும் முழுப் பதிவு மிஞ்சவில்லை. இன்று அந்த நாட்டின் மாபெரும் டி.வி திருவிழாவாக இருக்கும் ஒன்றின் முதல் அத்தியாயமே காணாமல் போயிற்று.

பிறகு பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து டேப்புகள் வெளிவந்தன. அந்த வீட்டுக்காரர் அன்றைய சிபிஎஸ் ஒளிபரப்பைப் பதிந்து வைத்திருந்தார். இடைவேளை நிகழ்ச்சியும் மூன்றாம் கால் பகுதியில் கொஞ்சமும் இல்லை. மற்றபடி ஆட்டம் இருக்கிறது. நியூயார்க்கின் பேலி சென்டர் அதைச் செப்பனிட்டு ஒரு பிரதி வைத்துக்கொண்டது.

சுபம் போட வேண்டிய இடம். போட முடியவில்லை. குடும்பம் கேட்டது 10 லட்சம் டாலர், என்.எஃப்.எல் லீக் தர முன்வந்தது 30,000 டாலர் என்று 2016இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. டேப் குடும்பத்துடையது. அதில் இருக்கும் ஆட்டம் லீக்குடையது. குடும்பத்தால் அதை வெளியில் விற்கவோ காட்டவோ முடியாது, லீக்கால் அதைப் பறிக்க முடியாது. அதே ஆண்டு லீக் தன்னிடமிருந்த பிலிம் துண்டுகளைக் கொண்டு 145 ஆட்ட நகர்வுகளையும் ஒட்டவைத்து ஒரு ‘முழு ஆட்டம்’ ஒளிபரப்பிக்கொண்டது. ரசிகருக்கு அன்றைக்கு டி.வியில் வந்ததைப் பார்க்கும் பாக்கியம் இன்னும் இல்லை.

பாடகர் பிங் கிராஸ்பியின் கதை நல்லபடி முடிந்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியில் அவருக்கும் பங்கு இருந்தது. 1960 அக்டோபர் 13 அன்று அந்த அணி வேர்ல்டு சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் இறங்கியது. தான் நேரில் பார்த்தால் அணி தோற்றுவிடும் என்று பயந்து கிராஸ்பி பாரிஸில் இருந்துகொண்டார். (நம் ஊரில் விக்கெட் விழக் கூடாதென்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் மாமாக்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.) ஆனால் ஜெயித்தால் பார்க்க வேண்டுமே! டி.வி திரையிலிருந்து பிலிமில் எடுத்து வைக்க ஆள் அமர்த்தியிருந்தார். பில் மேசராஸ்கியின் கடைசி நேர ஹோம் ரன்னில் 10–9 என்று பைரேட்ஸ் வென்றது. அந்தப் பிலிம் கிராஸ்பியின் கலிபோர்னியா வீட்டில், மது பாட்டில்கள் வைக்கும் நிலவறையில் கிடந்தது. 2009 டிசம்பரில் கண்டெடுத்தார்கள். முழு ஆட்டத்துக்கும் தெரிந்தவரை அதுதான் ஒரே பிரதி. மறு ஆண்டு டிசம்பரில் டி.வியில் போட்டார்கள். மூடநம்பிக்கைக்கு இப்படியும் ஒரு பயன்!

┌ பெட்டிச் செய்தி: கேசட்டின் நீளத்தை முடிவு செய்த ஃபுட்பால்

1975இல் வந்த சோனி பீட்டாமேக்ஸ் கேசட்டில் முதலில் ஒரு மணி நேரம்தான் பதியலாம். 1976இல் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்துக்கு இரண்டுமே போதவில்லை. அவர்கள் ஊர் ஃபுட்பால் ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். வாடிக்கையாளர் முழு ஆட்டத்தையும் ஒரே கேசட்டில் பதிய வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதற்காக மட்சுஷிதா நிறுவனம் டேப்பை மெதுவாக ஓடவைக்கும் முறையைச் செய்து கொடுத்தது. 1977இல் நான்கு மணி நேர விஎச்எஸ் ரெக்கார்டர் கடைக்கு வந்தது. விஎச்எஸ்ஸிடம் பீட்டாமேக்ஸ் தோற்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்த நேரக் கணக்கும் முக்கியமானது. படத்தின் தரத்தைவிட, கடைசிக் கோல் வரை டேப் இருக்குமா என்பதே வாங்குகிறவருக்குப் பெரிய கேள்வி. └

விளம்பரமும்தான் வரலாறு

டெக்கும் கலர் டி.வியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய நாலு படம் பார்த்த ஊர் நம்முடையது. சொந்த டெக் வாங்கியவர்கள் குறைவு, வெற்றுக் கேசட் வாங்கி மேட்ச் பதிந்தவர்கள் அதிலும் குறைவு. ஒரு டெஸ்ட் மேட்ச் முழுவதையும் பதிய மூன்று மணி நேரக் கேசட் பத்து வேண்டும். யாரால் முடியும்? அதனால் மிஞ்சியிருப்பவை துண்டுதுக்காணிகள்தான். கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரம், பிடித்த ஆட்டக்காரரின் செஞ்சுரி.

இருந்தும் அந்தத் துண்டுகளில் இருப்பது எந்த அதிகாரபூர்வ டிவிடியிலும் கிடையாது. ஹைலைட்ஸ் என்றாலே பவுண்டரி, விக்கெட், கைதட்டல். மேட்ச் என்பது அது மட்டுமா? தொடர்ந்து நான்கு மெய்டன் ஓவர். ஃபீல்டரை இரண்டடி தள்ளி நிறுத்தும் கேப்டன். அந்த இரண்டடி நகர்வுக்கு மூன்று ஓவர் கழித்துக் கிடைக்கும் விக்கெட். விக்கெட் மட்டும் ஹைலைட்ஸில் இருக்கும், அதன் காரணம் வீட்டுக் கேசட்டில் இருக்கும். பழைய பவுலர்களைப் பற்றி ஆராய நினைக்கும் இளம் பயிற்சியாளருக்கு எது தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் விளம்பரங்கள். ‘பாஸ்’ போட மறந்த இடங்களில் எல்லாம் அந்தக் காலம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சோப்புத்தூள், ஸ்கூட்டர், குளிர்பானம். நடுநடுவே தூர்தர்ஷனின் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. முக்கியமான கட்டத்தில் மேட்சை நிறுத்திவிட்டுச் செய்தி வாசிக்கப் போனதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறோம் என்பார்கள். ஆதாரம் கேசட்டில் இருக்கிறது.

ஒலியையும் விட்டுவிடக் கூடாது. டி.வி சத்தத்தைக் குறைத்துவிட்டு வானொலியின் தமிழ் வர்ணனையைக் கேட்டபடி மேட்ச் பார்த்தவர்கள் இங்கே நிறைய. அப்துல் ஜப்பாரின் குரலில் பந்து எல்லைக்கோட்டைத் தொடுவதைக் கேட்டவர்களுக்கு டி.வியின் ஆங்கிலம் எதற்கு? அந்த வர்ணனையை டூ-இன்-ஒன்னில் பதிந்து வைத்தவர்கள் உண்டு. ஜப்பார் 2020இல் மறைந்துவிட்டார். அந்தக் குரல்களின் நேரடி வர்ணனை எத்தனை வீடுகளில் ஒலி கேசட்டாகக் கிடக்கிறதோ, கணக்கெடுத்தவர் இல்லை.

இதை அற்பம் என்று நினைப்பவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைப் பார்க்க வேண்டும். 1962 மார்ச் 2 அன்று கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். வீடியோ கிடையாது. வானொலியில் அந்த ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியை மறுஒலிபரப்புச் செய்தபோது ஒரு கல்லூரி மாணவர் தன் அறையில் டேப்பில் பதிந்து வைத்தார். பல ஆண்டுகள் கழித்து அது வெளியே வந்தது. 2016இல் காங்கிரஸ் நூலகம் அந்த ஒலிப்பதிவைத் தேசியப் பதிவேட்டில் சேர்த்தது.

பதியலாம்... பகிரலாமா?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வீட்டில் பதிவது சரியா என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரி 17 அன்று தீர்த்தது. யுனிவர்சல், டிஸ்னி ஆகிய சினிமா கம்பெனிகள் பீட்டாமேக்ஸ் செய்த சோனிமீது போட்ட வழக்கு அது. ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழையில் சோனி ஜெயித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடு என்றது தீர்ப்பு. அந்த வழக்கில் பலரும் மறந்துவிட்ட ஒரு சங்கதி உண்டு. பேஸ்பால், ஃபுட்பால், கூடைப்பந்து, ஹாக்கி லீக்குகளின் பிரதிநிதிகள் சாட்சி சொல்லி, தங்கள் ஆட்டங்களை ஜனங்கள் வீட்டில் பதிவதில் ஆட்சேபணை இல்லை என்றார்கள். அந்தச் சாட்சியமும் சோனி பக்கம் பலம் சேர்த்தது. பின்னாளில் பழைய ஆட்டங்களை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும் விளையாட்டு அமைப்புகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அந்தத் தீர்ப்பு பேசியது பதிந்து, பார்த்து, அழிப்பதைப் பற்றித்தான். பதிந்ததை அலமாரியில் ஆண்டுக்கணக்காக அடுக்கி வைப்பதைப் பற்றியோ, அடுத்தவருக்குக் கொடுப்பதைப் பற்றியோ தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை.

┌ பெட்டிச் செய்தி: நம் சட்டம் என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 37: ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒளிபரப்பின் மீது தனி உரிமை உண்டு. காலம் 25 ஆண்டு, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. அனுமதியின்றிப் பதிவது, பிரதி எடுப்பது, விற்பது, வாடகைக்கு விடுவது, மறுஒளிபரப்புச் செய்வது மீறல்.

பிரிவு 39: பதிகிறவரின் சொந்த உபயோகத்துக்காகப் பதிந்தால் மீறல் அல்ல. உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் பதிந்தாலும் அப்படியே. விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காகச் சிறு பகுதிகளை நியாயமான அளவில் பயன்படுத்தவும் இடமுண்டு.

25 ஆண்டு ஆகிவிட்டால் எல்லாம் பொதுச் சொத்தா? அவசரப்பட வேண்டாம். ஒளிபரப்பு உரிமை வேறு, படமாகப் பதிவானதன் காப்புரிமை வேறு. இரண்டாவதற்கு 60 ஆண்டு. இடையில் வரும் பாட்டு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொந்தக்காரர்கள். └

ஆக, நம் நாட்டில் 1998 ஷார்ஜா கேசட்டை நீங்கள் வைத்திருப்பதும் பார்ப்பதும் உங்கள் பாடு. அதைப் பிரதி எடுத்துக் காசுக்கு விற்றால் சட்டம் வரும். காசு வாங்காமல் யூடியூபில் போட்டால்? கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் அனுமதி தேவைப்படும் காரியம்தான். நடைமுறையில், யாராவது புகார் செய்யும்வரை இருக்கும், செய்தால் போய்விடும்.

மெல்போர்னைச் சேர்ந்த ராப் மூடி கிட்டார் சொல்லிக்கொடுப்பவர். எண்பதுகளிலிருந்து டி.வி கிரிக்கெட்டை விஎச்எஸ்ஸில் பதிந்து சேர்த்தவர். ‘ராபெலிண்டா2’ என்ற அவருடைய யூடியூப் சேனலைப் பார்க்காத கிரிக்கெட் பைத்தியம் அரிது. யாரும் நினைவு வைத்திராத ஒரு விக்கெட், பிடிக்காமல் விட்ட ஒரு கேட்ச், நடுவரின் ஒரு முறைப்பு என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறார். இணையத்தில் பழைய ஆட்டம் பற்றிச் சண்டை வந்தால் தீர்ப்புக்கு அவரிடம்தான் போகிறார்கள். ஒரு தனி மனிதர், சொந்தச் செலவில், ஒரு நூலகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறார். அவர் போட்ட வீடியோக்களும் காப்புரிமைப் புகார்களுக்குத் தப்பியதில்லை.

யூடியூப் விதிப்படி 90 நாளுக்குள் மூன்று காப்புரிமைப் புகார் உறுதியானால் சேனலையே மூடிவிடலாம். மூடினால் புகாருக்கு ஆளான மூன்று வீடியோ மட்டும் போவதில்லை, பத்தாண்டாக ஏற்றிய அத்தனையும் சேர்ந்து போகும். தானியங்கி முறையில் உரிமைப் படங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு நேற்றைய ஐபிஎல்லும் ஒன்று, 1985இன் மெல்போர்ன் மேட்சும் ஒன்று.

கிரிக்கெட் வாரியங்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் விற்ற விலை 48,390 கோடி ரூபாய். அந்தப் பணத்தைக் கொட்டியவர், நேரலையைத் திருடி டெலிகிராமில் ஓடவிடுகிறவர்களைத் துரத்தத்தான் செய்வார். துரத்தட்டும். ஆனால் நேரலைத் திருட்டும் முப்பது ஆண்டுக் கேசட்டும் ஒரே குற்றமா? மேட்ச் என்ற சரக்கின் விலை கடைசிப் பந்தோடு சரியத் தொடங்கிவிடுகிறது. முப்பது வருஷம் கழித்து அதைத் தேடுகிறவர் டி.வி கம்பெனியின் வாடிக்கையாளரைப் பறிப்பவர் அல்ல. தன்னிடம் விற்பனைக்கு இல்லாத ஒன்றை, தன்னிடம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாத ஒன்றை, இன்னொருவர் இலவசமாகக் காட்டக் கூடாது என்று தடுப்பதில் யாருக்கு லாபம்? என்னைக் கேட்டால், உரிமையாளர் பத்தாண்டுக்கு மேல் வெளியிடாத ஆட்டத்தை லாப நோக்கமின்றிப் பகிர்வதற்குச் சட்டத்தில் ஒரு வாசல் திறக்க வேண்டும்.

பூஞ்சை நோட்டீஸ் அனுப்பாது

சட்டம் மாறும்வரை டேப் காத்திருக்குமா என்பதுதான் அவசரக் கேள்வி. காத்திருக்காது.

கேசட்டுக்குள் இருப்பது பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் காந்தத்துகளைப் பிடித்துவைக்கும் ஒரு பசைப் பூச்சு. காற்றின் ஈரத்தை அந்தப் பசை மெல்ல உறிஞ்சி இளகும், துகள் உதிரும், வண்ணம் மங்கும், படத்தில் கோடு விழும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான்.

நாடா நன்றாக இருந்தாலும் ஓட்ட டெக் வேண்டும். விஎச்எஸ் டெக் தயாரித்த கடைசிப் பெரிய நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. புது ஹெட் கிடைப்பது கஷ்டம், ரிப்பேர் தெரிந்த மெக்கானிக் அதைவிடக் கஷ்டம். காந்த நாடாக்களில் உள்ளதை டிஜிட்டலுக்கு மாற்ற 2025 வாக்கில் கதவு மூடிவிடும் என்று யுனெஸ்கோ 2019இலேயே உலகளாவிய எச்சரிக்கை விடுத்தது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

இயற்கை செய்வதற்கு முன்னால் நாமே செய்துவிட்ட அழிவும் உண்டு. கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதியாது. உடைத்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியும். அக்கா கல்யாணம், பிறந்த நாள், தீபாவளிப் படம்... எத்தனை செஞ்சுரிகள் அந்தத் துண்டு செல்லோடேப்பில் போயினவோ!

┌ பெட்டிச் செய்தி: மாற்றும் முன் கவனிக்க

• பூஞ்சை தெரியும் கேசட்டை டெக்கில் போடாதீர்கள். டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

• ஆண்டுக்கணக்காகத் தொடாத கேசட்டைப் போட்டதும் பார்க்கத் தொடங்காதீர்கள். ஒருமுறை கடைசிவரை வேகமாகச் சுற்றி, திருப்பிச் சுற்றிவிட்டுப் பிறகு பாருங்கள்.

• நேரத்தை இரட்டிப்பாக்கும் ‘எல்பி’ முறையில் பதிந்த கேசட், பதிந்த அதே டெக்கில்தான் பெரும்பாலும் நன்றாக ஓடும். பழைய டெக்கைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்.

• கல்யாண கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் கடைகளில், சைஸைச் சுருக்காத பெரிய ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். ஓரம் வெட்டுவது, கலர் ஏற்றுவது எதுவும் வேண்டாம். விளம்பரத்தை நீக்கவே வேண்டாம்.

• ஃபைல் பெயரில் தேதி, அணிகள், ஊர், சேனல் எழுதுங்கள். ‘மேட்ச் 3’ என்று எழுதினால் உங்களுக்கே அடுத்த வருஷம் புரியாது.

• இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீடுகளில். மாற்றிய பிறகும் கேசட்டை எறிய வேண்டாம். └

அடுத்த தலைமுறைக்குப் பரணே கிடையாது

கேசட் காலத்துக்காவது பரண் இருந்தது. இப்போது?

டிடிஎச் பெட்டியில் ஹார்டு டிஸ்க் வந்தபோது பதிவது ஒரு பொத்தான் வேலையாயிற்று. ஆனால் பதிந்தது பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். வேறு கம்ப்யூட்டரில் திறக்காது. பெட்டி பழுதானாலோ, இணைப்பை மாற்றினாலோ, அதிலிருந்த உலகக் கோப்பையும் போயிற்று. அடுத்து வந்தது செயலி. அதில் பதிவு என்ற பேச்சே இல்லை. மறுபடி பார்க்கலாம், அவர்கள் வைத்திருக்கும்வரை. ஒளிபரப்பு உரிமை சில ஆண்டுக்கொருமுறை கைமாறுகிறது. அப்போது பழைய ஆட்டம் புது முதலாளியோடு போகுமா, பழையவரிடம் தங்குமா என்பது ரசிகருக்குத் தெரியாத ஒப்பந்தங்களில் இருக்கிறது. 1998இன் மேட்ச் ஏதோ ஒரு வீட்டில் இருக்கும் என்று நம்பலாம். 2023இன் ஒரு சாதாரண ரஞ்சி ஆட்டம் 2050இல் யார் வீட்டில் இருக்கும்?

நிறுவனங்களே பத்திரமாக வைத்திருக்கும் என்பவர்களுக்கு அறுபதுகளின் டி.வி நிலையங்களே பதில். அன்றைக்கு டேப் விலை, இன்றைக்கு சர்வர் வாடகை. கணக்குப்பிள்ளையின் மனசு மாறுவதில்லை.

பிபிசி இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. தன் கையால் அழித்தவை யாரிடமாவது இருக்கின்றனவா என்று 2001இல் பொதுமக்களிடம் வெளிப்படையாகவே கேட்டது. ரசிகர்கள் வீட்டில் பதிந்த ஒலியைக்கொண்டுதான் ‘டாக்டர் ஹூ’ தொடரின் காணாமல் போன பகுதிகளின் ஒலியெல்லாம் இன்று கிடைக்கிறது. பதிந்தவர்களைத் திருடர் பட்டியலில் சேர்க்காமல் கைகொடுத்ததன் பலன் அது.

இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கும் பிரசார் பாரதிக்கும் இதைச் செய்ய ஒரு விளம்பரச் செலவுதான். ‘உங்களிடம் இருக்கும் பழைய பதிவுகளைக் கொடுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு டிஜிட்டல் காப்பியோடு திருப்பித் தருகிறோம், வழக்குப் போட மாட்டோம்’ என்று ஓர் அறிவிப்பு. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இதைச் சேப்பாக்கத்திலிருந்து தொடங்கலாம். 1986 செப்டம்பர் 22 அன்று, ஒரு பந்து மீதமிருக்க மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி, டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது டை நிகழ்ந்த மைதானம் அது. டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 அடித்ததும் அதே ஆட்டத்தில்தான். அந்த ஐந்து நாளில் தூர்தர்ஷனில் வந்தது எத்தனை மணி நேரம், இன்று பார்க்கக் கிடைப்பது எவ்வளவு என்று சங்கமே ஒரு கணக்கெடுக்கட்டும்.

அவர்கள் அறிவிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருக்கும் அட்டைப்பெட்டியை இறக்கிப் பாருங்கள். கல்யாண கேசட்டை மாற்றக் கொடுக்கும்போது மேட்ச் கேசட்டையும் சேர்த்துக் கொடுங்கள். லேபிளில் ‘செப்டம்பர் 86, மெட்ராஸ்’ என்று யாராவது எழுதியிருந்தால், முதலில் அதைக் கொடுங்கள்.